பலகையும் பயில்வோனும்

உழவன் தன் எருதுகளின் உயரத்தை நோக்கி நுகத்தடியைப் பூட்டுகின்றான். நெசவாளன் தன் கால் எட்டும் அளவறிந்து தறியின் மிதியை அமைக்கின்றான். தச்சனும் கொல்லனும் தம் கைக்குப் பொருந்தாத கருவியைக் கொண்டு நெடும்பொழுது தொழில் செய்வதில்லை. கருவி எத்துணைச் சிறந்ததாயினும், அதனைக் கையாள்வோனுக்குப் பொருந்தாதாயின் அதனாற் பயன் விளைவதில்லை. சில வேளைகளில் தீங்கும் விளைவதுண்டு. இவ்வுண்மையை நீரின்மேல் வைத்து விளக்கிக் காட்டும் எளிய கருவி ஒன்று உண்டு. அதுவே துடுப்புப் பலகை.

துடுப்புப் பலகை என்பது ஓர் ஆள் நின்றுகொண்டு செலுத்தும் நீண்ட மிதவைப் பலகையாகும். செலுத்துவோன் அதன் நடுவே இரு கால்களையும் சற்று அகற்றி வைத்து நிற்பான். தன் உயரத்தினும் ஏறத்தாழ ஒரு சாண் நீண்ட துடுப்பினால் நீரைப் பின்னே தள்ளி முன்னேறுவான். அதற்குப் பாய் இல்லை. பக்கச் சுவர் இல்லை. பற்றிக்கொள்ளக் கைப்பிடியும் இல்லை. காண்போருக்கு மிக எளிதாகத் தோன்றும் இவ்விளையாட்டில், ஒருவன் முதல் நாளிலேயே தரையில் நிற்பவன்போல் நிற்கின்றான். அவனினும் வலிமை மிக்க மற்றொருவன் ஏறிய நொடியிலேயே நீரில் விழுகின்றான். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? வலிமையன்று, துணிவுமன்று, நல்லூழுமன்று. பலகையின் அளவும், ஏறியவனின் அளவும் ஒன்றோடொன்று பொருந்தினவா இல்லையா என்பதே காரணமாகும்.

பசிபிக் பெருங்கடலின் நடுவே அமைந்த ஹவாய்த் தீவுகளே இப்பலகையின் தாயகம். அத்தீவு மக்கள் பன்னூறு ஆண்டுகளாக அலைமேல் பலகை செலுத்தும் கலையில் வல்லவராய் விளங்கினர். அவர்கள் எல்லார்க்கும் ஒரே பலகையை வகுக்கவில்லை. படுத்த நிலையில் அலையேறுவதற்குரிய குறும்பலகையைப் ‘பைபோ’ என்றனர். நின்று செல்வதற்குரிய, நடுத்தர நீளமும் மெல்லிய கனமும் உடைய பலகையை ‘அலாயா’ என்றனர். வேல மரத்தின் இனத்தைச் சேர்ந்த ‘கோவா’ என்னும் மரத்தினாலும், ஈரப்பலா மரத்தினாலும் அதனைச் செய்தனர். இவ்விரண்டினும் வேறாக, மிக நீண்டும் தடித்தும் இருந்தது ‘ஓலோ’ என்னும் பலகை. அது தலைவர்களுக்கே உரியது. அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த மரம் ‘விலிவிலி’ ஆகும். தமிழ்நாட்டு வேலிகளிலும் வெற்றிலைக் கொடிக்கால்களிலும் காணப்படும் முள்முருக்கு மரமும் விலிவிலியும் ஒரே இனத்தவை. இவ்வின மரங்களின் கட்டை இலேசானது. நீரில் நன்கு மிதப்பது. நீண்டு தடித்த பலகையைக் கனமான மரத்தாற் செய்தால் அதனைக் கரையிலிருந்து நீருக்குக் கொண்டுசெல்வதே அரிதாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஹோனலூலு நகரிலுள்ள பிஷப் அருங்காட்சியகத்தில், பாக்கி என்னும் தலைவனுக்கு உரியனவாயிருந்த பழைய பலகைகள் இன்றும் போற்றப்படுகின்றன. அவை சுமார் 15 அடி நீளமும், சுமார் 150 இராத்தல் எடையும் உடையவை. கடலோரத்துச் சிறுவன் ஒருவனிடம் அப்பலகையைக் கொடுத்தால் அவனால் அதனைத் திருப்பவும் இயலாது. அச்சிறுவனின் குறும்பலகையைத் தலைவனிடம் கொடுத்தால் அது அவனைத் தாங்காது. அளவுக்கேற்ற பலகை என்னும் கொள்கை இவ்வாறு பழமையானதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கலை பெரிதும் மங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கீக்கி என்னும் கடற்கரையில் அது மீண்டும் தழைத்தது. அதனை உலகறியச் செய்தவர்களுள் தலைசிறந்தவர் டியூக் கஹானமோக்கு. 1890-ஆம் ஆண்டிற் பிறந்த இவர், 1912-இல் ஸ்டாக்ஹோம் நகரிலும் 1920-இல் ஆன்ட்வெர்ப் நகரிலும் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் 100 மீட்டர் நீச்சலிற் பொற்பதக்கம் பெற்றவர். 1925-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் கலிபோர்னியாவின் நியூபோர்ட் கடற்கரைக்கு அருகில், ‘தெல்மா’ என்னும் படகு பேரலையிற் கவிழ்ந்தது. அங்கிருந்த கஹானமோக்கு தம் பலகையை எடுத்துக்கொண்டு கொந்தளிக்கும் கடலினுள் மீண்டும் மீண்டும் சென்று, எட்டுப் பேரின் உயிரைக் காத்தார். பதினேழு பேர் மாண்டனர். நீந்துவோன் ஒருவனால் ஒருவரையே இழுத்துவர இயலும். அவனும் விரைவிற் சோர்வான். மிதக்கும் பலகையோ மூழ்குவோருக்குப் பற்றுக்கோடாகும். கடற்கரைக் காவலர்கள் பலகையை மீட்புக் கருவியாகக் கொள்வதற்கு இந்நிகழ்ச்சி ஒரு தூண்டுகோலாயிற்று.

பலகையின் அமைப்பைச் சீர்திருத்திய மற்றொருவர் டாம் பிளேக் என்னும் அமெரிக்கர். 1902 முதல் 1994 வரை வாழ்ந்த இவர், பிஷப் அருங்காட்சியகத்திலுள்ள பழைய ஓலோப் பலகைகளை நுணுகி ஆராய்ந்தார். அவை போன்ற நீண்ட பலகை ஒன்றைத் தாமும் செய்ய முற்பட்டார். எடை மிகுதியே அவருக்குத் தடையாய் நின்றது. எனவே, பலகை முழுவதும் நூற்றுக்கணக்கான துளைகளை இட்டு, அத்துளைகளை மெல்லிய மரத்தகட்டினால் மூடிவிட்டார். பலகை தன் உருவிற் குறையவில்லை, எடையிற் குறைந்தது. பின்னர், உள்ளே சட்டங்களையும் மேலே தகட்டையும் உடைய பொள்ளற் பலகையை அமைத்து, 1932-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1935-இல், மீனின் செட்டை போன்ற சிறு தகடு ஒன்றைப் பலகையின் பின்பக்கத்து அடியிற் பொருத்தினார். அதுவரை பக்கவாட்டில் வழுக்கிச் சென்ற பலகை, அன்றுமுதல் நேர்வழியே செல்லத் தொடங்கிற்று.

வைக்கீக்கியில் அலையேற்றம் பயிற்றிய ஆசிரியர் சிலர், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தம் பலகைமேல் நின்று படகுத் துடுப்பினால் செலுத்தி வந்தனர். நின்றவாறு செல்லின் மாணவர்களையும் வரும் அலைகளையும் நன்கு காணலாம் அன்றோ? 2000-ஆம் ஆண்டை ஒட்டி, லேர்டு ஹாமில்டன், டேவ் கலாமா என்னும் அலையேற்ற வீரர்கள் பெரிய பலகைகளைக் கொண்டு இம்முறையைப் பரப்பினர். அதன்பின் இது கடலை விட்டு ஏரிகளிலும் ஆறுகளிலும் கால்வாய்களிலும் பரவிற்று. அலையேற்றத்தில் வல்லவரல்லாத மக்களும் இதனை நாடினர். அப்போதுதான், யாருக்கு எப்பலகை என்னும் வினா எல்லாரையும் தொடும் வினாவாயிற்று.

இவ்வினாவுக்கு விடை காண, முதற்கண் பலகை மிதக்கும் முறையை அறிதல் வேண்டும். நீரில் மிதக்கும் பொருள், தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகின்றது என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மை. ஒரு லிட்டர் நன்னீரின் எடை ஒரு கிலோகிராம். ஆகவே, 60 கிலோ எடையுள்ள ஒருவன் 10 கிலோ எடையுள்ள பலகைமேல் ஏறின், 70 லிட்டர் நீர் விலக்கப்படுதல் வேண்டும். பலகையின் மொத்தக் கொள்ளளவும் 70 லிட்டரே எனின், அதன் மேற்பரப்பு நீர்மட்டத்தோடு ஒன்றிவிடும்; சிறு அலை எழினும் மூழ்கும். எனவே, தாங்கும் அளவினும் மிகுந்த கொள்ளளவு தேவை. தொடக்க நிலையில் உள்ளோர்க்கு, உடலெடையைக் கிலோகிராமிற் கணக்கிட்டு, அதனைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு லிட்டர் கொள்ளளவுள்ள பலகையைப் பயிற்றுநர் பலர் பரிந்துரைப்பர். 60 கிலோ எடையுள்ளவனுக்கு 120 லிட்டர். 85 கிலோ எடையுள்ளவனுக்கு 170 லிட்டர் என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும், மிதத்தல் வேறு, நிலைத்தல் வேறு. மரத்தூண் ஒன்று நன்றாக மிதக்கும். ஆனால் அதன்மேல் நிற்க முயல்வோன் உடனே உருட்டப்படுவான். அதே மரத்தைப் பலகையாக அறுத்துப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால், அதன்மேல் அமைதியாக நிற்கலாம். மரத்தின் அளவு கூடவில்லை, எடையும் கூடவில்லை. அகலம் ஒன்றே கூடிற்று.

இதன் காரணம் நுட்பமானது. நிற்போனின் எடை முழுவதும் அவன் இடுப்புக்கு அருகிலுள்ள ஒரு புள்ளியிற் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். அதுவே ஈர்ப்பு மையம். நீர் மேல்நோக்கித் தாங்கும் விசை குவியும் புள்ளி மிதப்பு மையம் எனப்படும். பலகை ஒருபக்கம் சாயுமாயின், அப்பக்கத்து விளிம்பு நீரில் அமிழ்கின்றது, எதிர்ப்பக்கம் மேலெழுகின்றது. உடனே மிதப்பு மையம் சாய்ந்த பக்கத்துக்கு நகர்ந்து, பலகையை நிமிர்த்த முயல்கின்றது. பலகை அகன்றதாயின் அம்மையம் வெகுதூரம் நகரும். குறுகியதாயின் சிறிதே நகரும். புதிய இடத்திலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு வரைந்தால், அது பலகையின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். அவ்வெட்டுப்புள்ளியை இப்பாடத்தில் ‘சாய்மையம்’ என்று வழங்கலாம். ஏறியவனின் ஈர்ப்பு மையம் சாய்மையத்துக்குக் கீழே இருக்கும்வரை, பலகை தானே நிமிரும். மேலே சென்றுவிடின், பலகை மேலும் மேலும் சாய்ந்து அவனைத் தள்ளிவிடும்.

சாய்மையத்தின் உயரம் அகலத்தின் முப்படியைப் பொறுத்தது என்பது கணிதம் காட்டும் உண்மை. நீளம் இரு மடங்கானால் நிலைப்பும் இரு மடங்கே ஆகும்; அகலம் இரு மடங்கானாலோ எட்டு மடங்கு ஆகும். அகலத்திற் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், நிலைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். 3 மீட்டர் நீளமுள்ள நீள்சதுரப் பலகை ஒன்றைக் கொள்க. ஆளும் பலகையும் சேர்ந்து 80 கிலோ எனக் கொள்க. பலகையின் அகலம் 80 சென்டிமீட்டராயின், சாய்மையம் நீர்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரத்தில் அமையும். அகலம் 70 சென்டிமீட்டராயின் 1.05 மீட்டராகவும், 60 சென்டிமீட்டராயின் 0.65 மீட்டராகவும் அது தாழும். நடுத்தர உயரமுள்ள ஒருவன் நிமிர்ந்து நிற்பின், அவனும் பலகையும் சேர்ந்த ஈர்ப்பு மையம் நீருக்கு மேல் ஏறத்தாழ 0.9 மீட்டர் உயரத்தில் இருக்கும். முதற்பலகை அவனை எளிதில் தாங்கி நிமிர்த்தும். இரண்டாவது பலகை அரிதின் நிமிர்த்தும். மூன்றாவது பலகையோ அவன் சிலைபோல் நிற்பானாயின் அவனைக் கவிழ்த்தே தீரும். மெய்யான பலகைகள் இருமுனையும் குவிந்தவை ஆதலின், இவ்வெண்களினும் சற்றுக் குறைந்த நிலைப்பையே தரும். ஆனால் இவ்வெண்கள் காட்டும் முறைமை மாறுவதில்லை.

இக்கணக்கிலிருந்து மேலும் சில உண்மைகள் புலனாகின்றன. எடை கூடுமாயின் சாய்மையம் தாழும். ஆகவே, பருத்தவனுக்கு அகன்ற பலகை வேண்டும். உயரம் கூடுமாயின் ஈர்ப்பு மையம் ஏறும். ஆகவே, நெடியவனுக்கும் அகன்ற பலகை வேண்டும். மண்டியிட்டு அமரின் ஈர்ப்பு மையம் ஏறத்தாழப் பாதியளவு தாழும். புதிதாகப் பயில்வோரை முதலில் மண்டியிட்டுச் செலுத்தச் செய்வதும், காற்று வலுக்கும்போது எவரும் மண்டியிட்டுக்கொள்வதும் இதுபற்றியே. அஞ்சியவன் செயல் என்று அதனை இகழ்வது அறியாமை.

தமிழ்நாட்டுக் கடற்கரை மீனவர் கண்ட கட்டுமரமும் இவ்வுண்மையையே பயன்கொண்டது. உருண்டு புரளும் மரங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கிக் கயிற்றினால் பிணித்ததும், அவை ஆள் நின்று வலைவீசத் தக்க மிதவையாயின. அப்பெயரே ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ எனத் திரிந்து வழங்கலாயிற்று. இரு கூடுகளை நடுவே இடைவெளிவிட்டு இணைத்த கலத்துக்கு இன்று அப்பெயர் வழங்குகின்றது. அக்கலமும் கவிழாமல் நிற்பது, அதன் அகலத்தினாலேயே ஆகும்.

அங்ஙனமாயின், எல்லாப் பலகைகளையும் இரண்டு முழம் அகலமாகச் செய்துவிடலாகாதோ எனின், ஆகாது. நிலைப்புக்கு ஒரு விலை உண்டு, அவ்விலை வேகமாகும். அகன்ற பலகை மிகுதியான நீரைப் பிளந்து செல்லவேண்டியிருத்தலின் விரைந்து செல்வதில்லை. அஃதன்றியும், துடுப்பினை நீரில் நேராக ஊன்றுவதற்குக் கை வெகுதூரம் எட்ட வேண்டும். குறுந்தோள் உடையவன் மிக அகன்ற பலகையிற் செல்லின், தன் துடுப்பைச் சாய்த்தே போடுவான். பலகை பக்கம் பக்கமாகத் திரும்பும். அவன் கையும் முதுகும் விரைவில் நோகும். சிறுவனுக்குப் பெரியவர் பலகை பொருந்தாமைக்கு இது முதற் காரணம். சிறுவனின் எடையும் உயரமும் குறைவாதலின் அவ்வளவு அகலம் அவனுக்குத் தேவையுமில்லை. ஏழு முதல் ஒன்பது அடி வரை நீளமுள்ள சிறு பலகையே அவனுக்கு ஏற்றது.

நீளத்தின் பயன் வேறானது. மிதக்கும் கலம் செல்லும்போது தன் முன்னும் பின்னும் அலையை எழுப்புகின்றது. கலம் நீண்டதாயின், அவ்வலை அதனைத் தடுக்கத் தொடங்குமுன் மிகுந்த வேகத்தை அடையலாம். ஒரு கலத்தின் நீளம் நான்கு மடங்கானால் இவ்வேக எல்லை இரு மடங்காகும். நீண்ட பலகை நேரே செல்லும். குறும்பலகை விரைந்து திரும்பும். ஆகவே, நெடுந்தூரம் செல்வோன் நீளத்தை நாடுவான்; அலையில் வளைந்து விளையாடுவோன் குறுமையை நாடுவான்.

இவ்வாறு பயனுக்கேற்ப வகைகள் தோன்றின. எல்லாப் பயனுக்கும் பொதுவான பலகை, பெரும்பாலும் பத்து முதல் பதினோரடி நீளமும் 31 முதல் 34 அங்குல அகலமும் உடையது. நெடும்பயணத்துக்குரிய பலகை பதினோரடிக்கு மேற்பட்ட நீளமும், 28 முதல் 32 அங்குல அகலமும் கொண்டது. பந்தயப் பலகை 12 அடி 6 அங்குலம் அல்லது 14 அடி நீளமுடையது. அதன் அகலமோ 22 முதல் 27 அங்குலமே. பலகைமேல் யோகம் பயில்வோரும், மீன் பிடிப்போரும் 33 அங்குலத்துக்கு மேற்பட்ட அகலத்தைத் தேர்வர்.

பந்தய வீரன் அத்துணைக் குறுகிய பலகைமேல் நிற்பது எங்ஙனம்? அவன் நிற்பது பலகையின் உதவியால் அன்று, பயிற்சியின் உதவியால். அவன் கணுக்கால்கள் இடைவிடாது பலகையைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. மிதிவண்டி செலுத்துவோன் விழாமல் செல்வதும் இங்ஙனமே. மேலும், செல்லும் பலகை நிற்கும் பலகையினும் உறுதியாக உணரப்படும். நீரில் ஊன்றிய துடுப்பு அவனுக்கு மூன்றாவது காலாகும். பந்தயப் பலகைகள் சிலவற்றில், நிற்குமிடத்தைத் தொட்டிபோல் குழித்து அமைப்பதுண்டு. காலடி தாழின் ஈர்ப்பு மையமும் தாழும் என்பதே அதன் நோக்கம்.

அகலமும் நீளமும் ஒத்த இரு பலகைகளும் ஒன்றுபோல் ஒழுகுவதில்லை. உருவமும் வேறுபாட்டை உண்டாக்கும். தட்டையான அடிப்பகுதி உடையது, தொடக்கத்திலேயே உறுதியாக நிற்கும். உருண்ட அடிப்பகுதி உடையது, நீரை எளிதிற் பிளக்கும்; ஆனால் இருபுறமும் அசையும். விளிம்பு தடித்துக் கனத்திருப்பின், சாய்ந்தபோது அது நீரில் அமிழ்ந்து தாங்கும். மெலிந்திருப்பின் அமிழ்ந்துகொண்டே போகும். முன்முனை மேல்நோக்கி வளைந்திருப்பின் அலையின்மேல் ஏறிச் செல்லும். நேராயிருப்பின் அமைதியான நீரில் விரையும், அலையிற் குத்திக்கொள்ளும். இருமுனையும் கூர்மையாகக் குவிந்த பலகையினும், அகலத்தை முனைவரை கொண்டுசெல்லும் பலகை நிலைப்பு மிக்கது. ஆதலின், அளவு எண்களை மட்டும் நோக்கிப் பலகையைத் தேர்ந்தெடுத்தல் நிறைவுடையதன்று.

கனமும் நோக்கத்தக்கது. காற்றடைத்து உப்பச்செய்யும் பலகைகள் இக்காலத்தில் மிகுதியாக வழங்குகின்றன. மேல்துணியையும் அடித்துணியையும் எண்ணற்ற நூல்களால் இணைத்து, இடையே காற்றை அடைப்பர். அந்நூல்களே பலகை உருண்டையாக உப்பிவிடாமல் தட்டையாக நிற்கச் செய்கின்றன. காற்றுக் குறையின் பலகை நடுவே தொய்யும். தொய்ந்த பலகை தளர்ந்தாடும். ஆறு அங்குலக் கனமுள்ளது, நாலங்குலக் கனமுள்ளதினும் விறைப்பானது. பருத்தவரையும் தொய்யாமல் தாங்கும். ஆயினும் அது நிற்போனை நீரினின்றும் சற்று உயர்த்திவிடும். நுரைப்பொருளின்மேல் கண்ணாடியிழை போர்த்த வன்பலகை, விறைப்பிலும் வேகத்திலும் மேம்பட்டது. ஆனால் எடுத்துச் செல்லவும் வைத்துக் காக்கவும் இடம் வேண்டும். ஒன்றிற் பெறுவது மற்றொன்றில் இழக்கப்படுகின்றது.

இனி, தேர்வில் நேரும் பிழைகளை நோக்குவோம். இளைஞன் ஒருவன், பந்தயத்தில் வென்ற வீரனின் படத்தைக் கண்டு, அவ்வீரன் ஊர்ந்த குறும்அகலப் பலகையே தனக்கும் வேண்டுமென்று விரும்புகின்றான். அப்பலகை உயர்ந்ததே, விலையும் உயர்ந்ததே. ஆனால் அது அவனுக்கு உரியதன்று. பத்து முறை ஏறிப் பத்து முறையும் விழுகின்றான். குற்றம் தன்னுடையது என்று மயங்கி, அவ்விளையாட்டையே கைவிடுகின்றான். மற்றொருவன், அகன்ற பலகையே அச்சமற்றது எனக் கேட்டு, இருப்பவற்றுள் மிகப் பெரியதை வாங்குகின்றான். எதிர்க்காற்றில் அதனைத் தள்ளமாட்டாமல் கரையினின்றும் விலகிச் செல்கின்றான். முன்னவன் தன் திறமையை மிகுத்து எண்ணினான். பின்னவன் கருவியின் திறமையை மிகுத்து எண்ணினான். இருவரும் அளவறியாதவரே.

பலகை பொருந்தினாற் போதாது. நீரும் பொருந்த வேண்டும். 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், வேல்ஸ் நாட்டில் ஹேவர்போர்ட்வெஸ்ட் என்னும் ஊரில், கிளெடாவ் ஆற்றிற் பலகை செலுத்தச் சென்ற குழுவினர், மழையாற் பெருகிய வெள்ளத்தில் ஓர் அணைக்கட்டின்மேல் இழுத்துச் செல்லப்பட்டனர். அவர்களுள் நால்வர் உயிரிழந்தனர். நிலைத்து மிதக்கும் பலகையும் அணைக்கட்டின் கீழே சுழலும் நீரில் எவரையும் காவாது. கடலிலும் ஏரியிலும் பலகையைக் காலோடு பிணிக்கும் கயிறு உயிர்காப்பது. விழுந்தவனுக்குப் பலகை கைக்கெட்டும் தொலைவிலேயே நிற்கும். ஓடும் ஆற்றிலோ அதே கயிறு மரக்கிளையிலும் பாறையிலும் சிக்கி, அவனை நீருள் அழுத்தக்கூடும். அங்கு, நொடியில் விடுவித்துக்கொள்ளத்தக்க இடுப்புக் கயிறே வேண்டும். ஓரிடத்திற் காப்பது, மற்றோரிடத்திற் கொல்லும் என்பதை மறத்தலாகாது.

கரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்றும் அத்தகையதே. கரையருகில் நீர் கண்ணாடிபோல் அமைதியாகத் தோன்றும். நிற்போனின் உடலோ பாய்போல் காற்றை ஏற்று, அவனை நெடுந்தூரம் கொண்டுசெல்லும். எனவே, அறிவுடையோர் புறப்படுமுன் காற்றின் திசையை அறிவர், மிதவைச் சட்டை அணிவர், தனியே செல்லார், செல்லுமிடத்தைக் கரையிலுள்ளோர்க்குச் சொல்லிச் செல்வர்.

ஹவாய்த் தீவின் பழந்தச்சர்கள் சாய்மையம் என்னும் சொல்லை அறியார். முப்படிக் கணக்கையும் அறியார். ஆயினும் மரத்தையும் அலையையும் மனிதனையும் ஒருங்கு நோக்கி, இன்னார்க்கு இன்ன பலகை எனத் துணிந்தனர். இன்று கணிதம் அத்துணிவுக்குக் காரணம் காட்டுகின்றது. ஆனால் தேர்வின் பொறுப்பு இன்றும் ஏறுவோனிடமே உள்ளது. தன் எடை என்ன, உயரம் என்ன, பயிற்சி எவ்வளவு, செல்லும் நீர் எத்தகையது என்னும் நான்கு வினாக்களையும் தன்னைத்தானே வினாவி, மெய்யான விடை கூறுபவனுக்கே தக்க பலகை கிட்டும். இன்று 33 அங்குலப் பலகையில் நிற்பவன், பயிற்சி முதிர்ந்தபின் 28 அங்குலப் பலகைக்கு மாறலாம், அது ஏற்றமே. இன்றே அதன்மேல் ஏறி விழுவது ஏற்றமன்று. தன் அளவை உள்ளவாறு அறிந்தவனை நீரும் நிலம்போல் தாங்கும்.